பீடி, சிகரெட், போயிலை: ஆளைப் பிடித்து வைப்பது எது, கொல்வது எது?

2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், சிகரெட்டுக்கும் குட்காவுக்கும் 40 சதவீத வரி என்று முடிவு செய்தது. அதே கூட்டத்தில் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறக்கவும், பீடி சுற்றும் இலைக்கு 18லிருந்து 5க்கு இறக்கவும் முடிவானது. செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. அரசாங்கமே குறைக்கிறது என்றால் பீடி அவ்வளவு மோசமில்லையோ?

வரி இறங்கியதில் உடல்நலக் கணக்கு எதுவும் இல்லை. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் திண்ணையில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டிக்கொண்டிருப்பார்கள். நாடு முழுக்க இப்படிப் பிழைப்பவர்கள் லட்சக்கணக்கில். அவர்களின் கூலியை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. சரியா தவறா என்பது வேறு விவாதம். பீடி உடம்பை என்ன செய்யும் என்பதற்கு வரிப் பட்டியலில் விடை கிடைக்காது.

விடை தேட, முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. நிக்கோட்டின். புகையிலைச் செடியில் இயற்கையாக இருக்கும் ரசாயனம். ஆளை விடாமல் பிடித்து வைப்பது இதுதான்.
2. மற்றவை. எரியும்போது உண்டாகும் புகை, அதிலிருந்து படியும் பிசுபிசுப்பான தார், கார்பன் மோனாக்சைடு, புகையிலையைப் பதப்படுத்தும்போது உருவாகும் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்க் காரணிகள். நோய்களில் பெரும்பகுதி இவற்றால் வருகிறது.

மக்கள் புகைப்பது நிக்கோட்டினுக்காக, சாவது தாரினால் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976லேயே எழுதிவிட்டார். புகையிலையைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி, இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுவதால் வருபவை.

நிக்கோட்டின் பிடிக்கும் விதம்

செடி தன்னைப் பூச்சிகளிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள நிக்கோட்டினைத் தயாரிக்கிறது. நம் ஊர் விவசாயிகள் புகையிலையை ஊறவைத்த கரைசலைப் பயிருக்குத் தெளிப்பது இதனால்தான். பூச்சியின் நரம்பைத் தாக்கும் அதே பொருள் மனித நரம்புகளிலும் வேலை செய்கிறது. மூளை செல்களில் அசிட்டைல்கொலின் என்ற ரசாயனம் வந்து பொருந்துவதற்காக இருக்கும் இடங்களில், அதாவது ஏற்பிகளில், போய் உட்கார்ந்துகொள்கிறது. உடனே டோபமைன் சுரக்கிறது. 'இது நல்லா இருக்கு, மறுபடி செய்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கும் ரசாயனம் டோபமைன்.

இதில் வேகம் முக்கியம். இழுத்த புகை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போய், 10 முதல் 20 நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். ஊசி மூலம் ரத்தக்குழாயில் ஏற்றினால்கூட இதைவிட வேகமாகப் போய்ச் சேராது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்றால் 200 தடவை. வேறெந்தப் பழக்கத்தையும் மனிதன் தினமும் இத்தனை முறை ஒத்திகை பார்ப்பதில்லை. அதனால்தான் டீக் கிளாஸைக் கையில் எடுத்ததும் மறு கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.

நிக்கோட்டின் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது கூடுதலாக முளைத்த ஏற்பிகள் காலியாகக் கிடக்கும். எரிச்சல், கவனமின்மை, ஒரு இனம் தெரியாத பதற்றம் தொடங்கும். ஒரு தம் போட்டதும் அடங்கும். 'டென்ஷனைக் குறைக்குது' என்று புகைப்பவர் சொல்வது பொய்யில்லை. குறைக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த டென்ஷனில் பெரும்பங்கு போன சிகரெட் விட்டுப்போனது.

ஒருவர் எவ்வளவு ஆழமாகச் சிக்கியிருக்கிறார் என்று அறிய மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளில் மூன்று:

1. தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி அல்லது சிகரெட்? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி பலமானது. ராத்திரி முழுக்கக் காலியாகக் கிடந்த ஏற்பிகள் அவசரப்படுத்துகின்றன.
2. காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் வேண்டுமா?
3. தியேட்டர், மருத்துவமனை மாதிரி புகைக்கக் கூடாத இடங்களில் அடக்கிக்கொண்டு இருப்பது கஷ்டமா?

ஒரு நாளைக்கு எத்தனை என்ற கணக்கைவிட முதல் கேள்விக்கான பதில் அதிகம் சொல்லும்.

வெற்றிலையில் சுண்ணாம்பு செய்யும் வேலை

புகைக்காமல், போயிலையைக் கடைவாயில் அதக்கி வைப்பவர்களுக்கும் இதே பிடிதான். வழி மட்டும் வேறு. நிக்கோட்டின் அமிலச் சூழலில் மின்னேற்றம் பெற்று நிற்கும், வாயின் தோலைத் தாண்டி உள்ளே போகாது. காரத்தன்மை கூடினால் மின்னேற்றத்தை விட்டுவிட்டு எளிதாக ஊடுருவும். வெற்றிலை, பாக்கு, போயிலையோடு தடவும் துளி சுண்ணாம்பு இந்த வேலையைத்தான் செய்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் 'பிடிக்கவில்லை' என்று பாட்டிகள் சொல்வதற்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது.

சிகரெட் புகை சற்றே அமிலத்தன்மை உள்ளது. வாயில் வைத்து விட்டுவிட்டால் நிக்கோட்டின் அவ்வளவாக ஏறாது, நெஞ்சுக்குள் இழுத்தாக வேண்டும். தொண்டையை உறுத்தாமல் இழுக்க முடிவதும் இந்த அமிலத்தன்மையால்தான். சுருட்டு நேர் எதிர். அதன் புகை காரமானது, வாயிலேயே ஏறிவிடும், இழுத்தால் இருமல் வரும். ஆக, எந்த வடிவம் எந்த உறுப்பைக் கெடுக்கும் என்பதில் இந்த அமில-காரக் கணக்குக்கும் பங்கு உண்டு.

புகைக்குள் என்ன இருக்கிறது

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. கார்பன் மோனாக்சைடு ரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். ரத்தக் குழாயின் உட்சுவர் கெடும், ரத்தம் உறையும் தன்மை கூடும். மூச்சுக்குழாயில் சளியையும் தூசியையும் மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் செயலிழக்கும். நுரையீரலில் கிருமிகளை விழுங்கிக் காக்கும் செல்கள் மந்தமாகும்.

இந்தக் கடைசி வரியில்தான் நம் ஊருக்கான செய்தி இருக்கிறது. அதைக் கண்டறிந்ததும் நம் ஊரில்தான்.

சென்னையும் விழுப்புரமும் சொன்ன கணக்கு

சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் கஜலட்சுமி, இங்கிலாந்தின் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோருடன் சேர்ந்து செய்த ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. 1990களில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தையும், உயிரோடு இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தையும் ஒப்பிட்டார்கள். கிராமத்தில் பெரும்பாலும் பீடி, நகரத்தில் பீடியும் சிகரெட்டும்.

புகைத்தவர்கள் 25 முதல் 69 வயதுக்குள் நோயால் இறக்கும் விகிதம், புகைக்காதவர்களைப் போல இரு மடங்கு. இதை ஓரளவு எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பாராதது காசநோய். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நகரத்தில் 4.5 மடங்கு, கிராமத்தில் 4.2 மடங்கு. நகரத்தில் புகையால் கூடுதலாக நேர்ந்த சாவுகளைப் பிரித்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு சுவாச நோய்கள், அதில் முக்கியமானது காசநோய். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு இதயம், ரத்தக்குழாய் நோய்கள். புற்றுநோய் 11 சதவீதம்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பாக்கெட்டில் போடும் படம் புற்றுநோய். தியேட்டரில் காட்டும் விளம்பரம் புற்றுநோய். 'எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, கேன்சர் வரலையே' என்ற வாதமும் அதைச் சுற்றியே. ஆனால் இங்கே அதிகம் பேரை எடுத்துக்கொண்டு போனவை காசநோயும் மாரடைப்பும். தாத்தாவின் தம்பி நாற்பத்தைந்தில் 'நெஞ்சு வலி வந்து' போயிருப்பார். அந்தச் சாவை யாரும் பீடியின் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள்.

காசநோய் ஏன்? இந்தியாவில் ஏராளமானோரின் உடலில் அந்தக் கிருமி அடங்கிக் கிடக்கிறது. பெரும்பாலோரிடம் அது கடைசி வரை நோயாக மாறுவதில்லை. நுரையீரலின் காவல் செல்கள் அதைச் சுற்றி வளைத்து வைத்திருக்கின்றன. புகை அந்தக் காவலைத் தளர்த்துகிறது. சென்னையில் 2.5 லட்சம் ஆண்களிடம் தனியாக விசாரித்ததில், காசநோய் வந்ததாகச் சொன்னவர்கள் புகைத்தவர்களிடையே மூன்று மடங்கு. நோய் வந்தவர் இருமும்போது வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் பரவும் என்பதால், புகைக்காதவரும் இதில் தப்புவதில்லை.

அப்புறம், பீடி சிகரெட்டைவிடத் தேவலையா?

ஒரு பீடியில் சுமார் 0.2 கிராம் புகையிலை. சிகரெட்டில் இருப்பதில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு. பார்ப்பதற்கு லாபம் போலத் தெரியும். ஆனால்:

1. பீடி இலை வழியாகக் காற்று நுழையாது. சிகரெட் தாள் மெல்லிய துளைகள் உள்ளது, தானாக எரியும். பீடியை விட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும்.
2. இலை எரியும் புகையும் சேர்ந்து உள்ளே போகிறது. கார்பன் மோனாக்சைடு, தார் எதுவும் சிகரெட்டுக்குக் குறைவாக வருவதில்லை.
3. 'இயற்கை இலை' என்பதால் எந்தப் பயனும் இல்லை. எரிந்தால் எல்லா இலையும் புகைதான்.

2008இல் வெளியான பெரிய இந்திய ஆய்வு ஒன்றின்படி, சிகரெட் பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள். பீடி பிடிக்கும் ஆண்கள் 6 ஆண்டு, பெண்கள் 8 ஆண்டு. ஆணின் கணக்கில் இருக்கும் அந்த நான்கு ஆண்டை 'சலுகை' என்று சொல்லிக்கொள்ள விரும்புபவர் சொல்லிக்கொள்ளலாம்.

பீடியோடு நெருக்கமான இன்னொரு நோய், பர்ஜர் நோய். முப்பது, நாற்பது வயது ஆண்களுக்கு வரும். நடந்தால் பாதமோ கெண்டைக்காலோ வலிக்கும், நின்றால் சரியாகும். 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கால் விரல் நுனியில் ஆறாத புண், கறுப்பு, அழுகல். கை, கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்வதுதான் காரணம். சர்க்கரை நோய் இல்லாத இளைஞருக்கு விரலை எடுக்க வேண்டி வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது புகைப்பழக்கத்தைத்தான். நோயை நிறுத்தும் உறுதியான வழி ஒன்றே, முழுக்க விடுவது. ஒன்றிரண்டு பிடித்தாலும் அது தொடர்கிறது.

'ஒண்ணே ஒண்ணுதானே'

இருபதிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தால் ஆபத்து இருபதில் ஒன்றாகிவிடும் என்று மனக்கணக்குப் போடுகிறோம். நுரையீரல் புற்றுநோயில் அது கிட்டத்தட்டப் பொருந்தும். இதயத்தில் பொருந்தாது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது என்று காட்டியது. சிறிய அளவு புகைக்கே ரத்தக்குழாய்ச் சுவர் கெடத் தொடங்கிவிடுகிறது, ரத்தம் உறையும் தன்மையும் எகிறிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் விடும் புகை புகைக்காதவரின் இதயத்தைப் பாதிப்பதும் இதே காரணத்தால்தான்.

வாயில் அதக்கும் புகையிலை

புகை இல்லை, நுரையீரல் தப்பியது, சரி. வாய் தப்பவில்லை. புகையிலை நைட்ரோசமைன்கள் வாயின் தோலில் மணிக்கணக்கில் ஊறுகின்றன. 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டில், புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர்.

பாக்கும் நிரபராதி அல்ல. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் 2004இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. பாக்கில் உள்ள அரிகோலின் வாயின் உட்தோலில் நார்த் திசுவைக் குவிக்கும். முதலில் தெரிவது எரிச்சல். நேற்று வரை சாப்பிட்ட சாம்பாரின் காரம்கூட இன்று தாங்காது. பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, விறைத்துப்போகும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மறுக்கும். நடு மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கலாம். நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். பானிபூரி வாய்க்குள் போகவில்லை என்று வரும் இருபது வயதுக்காரர்கள் உண்டு. இந்த நிலை வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அது புற்றுநோயாக மாறும். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணோ இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சிவப்புத் திட்டு வெள்ளையைவிட ஆபத்தானது.

சட்டம் இதில் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. தமிழ்நாடு 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குட்காவைத் தடை செய்தது. புகையிலை உணவுப்பொருளா, இல்லையா என்ற கேள்வியில் 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடையாணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொள்ளும் 'கூல் லிப்' பொட்டலங்கள் பள்ளி மாணவர்களிடையே பரவுவது குறித்து 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. கையில் புகை இல்லை, வாயில் நாற்றம் இல்லை, வகுப்பறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் ஆபத்து. வளரும் மூளை நிக்கோட்டினுக்குப் பெரியவர்களின் மூளையைவிடச் சீக்கிரம் பழகிவிடும். இ-சிகரெட்டுகள் 2019லிருந்து நாடு முழுக்கத் தடையில் இருக்கின்றன.

விடும்போது உடம்பில் நடப்பது

எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தால் அதிகம். இதை மன உறுதிக் குறைவு என்று திட்டுவதில் அர்த்தமில்லை. நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போகும்.

1. முதல் மூன்று நாள் கடினமானது. எரிச்சல், தூக்கமின்மை, பசி உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தனித்தனி உந்துதல்கள் சில நிமிடமே நிற்கும்.
2. 'பீடி இல்லாவிட்டால் காலையில் வெளிக்குப் போகாது' என்பது கற்பனை இல்லை. நிக்கோட்டின் குடலைத் தூண்டுகிறது. விட்டதும் சில வாரம் மலச்சிக்கல் இருக்கும். தண்ணீர், கீரை, வாழைப்பழம் போதும், குடல் தன் வேலைக்குத் திரும்பும்.
3. சிலருக்கு முதலில் இருமல் கூடும். செயலிழந்த நுண்ணிழைகள் மறுபடி சளியைத் தள்ளத் தொடங்குவதன் அறிகுறி அது.
4. காபி. புகையில் உள்ள பொருள்கள், காபியின் கஃபீனை ஈரல் சீக்கிரம் கழிக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் காபி உடம்பில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, 'சிகரெட் இல்லாததால்தான்' என்று தோன்றும். விட்ட வாரத்திலிருந்து காபியைப் பாதியாக்கினால் போதும்.

நிக்கோட்டின் சூயிங்கம் கொடுப்பது ஒரு விஷத்துக்கு இன்னொரு விஷமா என்று கேட்பவர்களுக்கு, ஆரம்பத்தில் பிரித்த இரண்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். கம்மில் வருவது நிக்கோட்டின் மட்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. மெதுவாக ஏறுவதால் சிகரெட்டின் 'கிக்'கும் இல்லை, வெறும் பதற்றத்தைத் தணிக்கும். கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பலர் அதை பபிள்கம் மாதிரி மென்று தள்ளிவிட்டு, 'விக்கல்தான் வருது, வேலை செய்யல' என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். சில தடவை மென்றதும் நாக்கில் மிளகுக் காரம் தெரியும். உடனே நிறுத்தி, போயிலையை அதக்குவது போலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி இரண்டு மெல்லு, மறுபடி ஒதுக்கல். கம்மை வாயில் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழரசம், சோடா கூடாது. அவற்றின் அமிலத்தில் நிக்கோட்டின் வாயைத் தாண்டாமல் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். வெற்றிலையில் சுண்ணாம்புக்கு இருந்த அதே வேலை, கம்மில் சேர்த்திருக்கும் காரப் பொருளுக்கு இருக்கிறது. அதைக் காபி கெடுத்துவிடும்.

வரெனிக்ளின், பியூப்ரோபியான் மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு கிடைக்கும். 2021இல் உலக சுகாதார அமைப்பு இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வரெனிக்ளின், நிக்கோட்டின் உட்காரும் அதே ஏற்பியில் அரைகுறையாக உட்கார்ந்துகொள்கிறது. பதற்றம் குறையும், இடையில் யாராவது கொடுத்து ஒன்று பிடித்தாலும் சுகம் தெரியாது.

வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன என்பவர்களுக்கு பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951லிருந்து 50 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வின் எண்கள் இருக்கின்றன. தொடர்ந்து புகைப்பவர் இழக்கும் 10 ஆண்டில், 30 வயதில் விட்டவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார். 40இல் விட்டவர் 9, 50இல் விட்டவர் 6, 60இல் விட்டவர் 3. ஆலோசனைக்கான இலவச எண் 1800-11-2356. சிகரெட், பீடி, போயிலைப் பாக்கெட்டுகளில் எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகியிருக்கும் எண் அதுதான்.